கடைசிக் கட்டில் திணறும் பெட்டி

கையிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல் அதை நெருங்க முயலும் பிளாக்ஜாக் ஆட்டத்துக்கான ஆறு கட்டுச் சீட்டுப்பெட்டி ஒன்றைச் சென்ற ஜூன் மாதம் இணையம் வழியாக வாங்கினேன். ஆடுபவர்கள் அதை ‘ஷூ’ என்பார்கள். அக்ரிலிக்கால் ஆன பெட்டி, சீட்டுகளைப் பின்னாலிருந்து அழுத்தி முன்னே தள்ளும் உருளை வைத்த ஆப்பு, ஆடி முடித்த சீட்டுகளை அடுக்கி வைக்கும் தட்டு, மஞ்சள் நிற வெட்டுச்சீட்டு, ஆறு காகிதச் சீட்டுக்கட்டுகள் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மேட்டுப்பாளையம் வரை வேகமாக வந்து சேர்ந்த பொட்டலம் அங்கிருந்து கோத்தகிரிக்கு மலையேற மட்டும் நான்கு நாள் எடுத்துக்கொண்டது. அதைப் பெட்டியின் குறையாக எழுத மாட்டேன்.

ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டு முன்னறையில் ஐந்து பேர் கூடுகிறோம். நால்வர் ஆட, ஒருவர் முறை வைத்துச் சீட்டுப் போடுவார். பந்தயம் புளியங்கொட்டைதான். சூதாட்ட விடுதிகளுக்குத் தமிழ்நாட்டில் இடமில்லை. கோவாவுக்கும் சிக்கிமுக்கும் போய்ப் பணத்தைத் தொலைக்கும் வயதும் எங்களுக்கு இல்லை. என் மைத்துனர் மட்டும் ஒருமுறை கோவா போய் வந்தவர். அவர் கொண்டுவந்த ஒரே லாபம், “மாமா, அங்கே சீட்டை எந்த இடத்தில் வெட்டி வைக்கிறார்கள் என்று பார்த்தாலே மேசையில் உட்காரலாமா, எழுந்து போகலாமா என்று தெரிந்துவிடும்” என்ற ஒரு சொல். இந்தப் பெட்டியை நான் அளந்து பார்த்ததும் அந்தச் சொல்லை வைத்துத்தான்.

ஆறு கட்டு என்றால் 312 சீட்டுகள். அவற்றைக் கலைத்து, பின்பகுதியில் ஓரிடத்தில் வெட்டுச்சீட்டைச் செருகிப் பெட்டிக்குள் வைக்கிறோம். அந்த மஞ்சள் சீட்டு வெளியே தலைகாட்டியதும், நடக்கும் சுற்றை முடித்துவிட்டு மறுபடி கலைக்க வேண்டும். பின்னால் இரண்டு கட்டு ஒதுக்கினால் 208 சீட்டுகளே ஆட்டத்துக்கு வரும், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ஒன்றரைக் கட்டு ஒதுக்கினால் 234, முக்கால் பங்கு. ஒரு கட்டு மட்டும் ஒதுக்கினால் 260, ஏறத்தாழ 83 சதவீதம். ஒரு கைக்குச் சராசரியாக 2.7 சீட்டுகள் செலவாகும் என்பதால், ஐந்து கைகள் உள்ள எங்கள் மேசையில் ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு சீட்டுகள் போகும். ஆகவே இரண்டு கட்டு ஒதுக்கும் ஆட்டத்தைவிட ஒரு கட்டு ஒதுக்கும் ஆட்டத்தில் நான்கு சுற்றுகள் கூடுதலாகக் கிடைக்கும். அந்த நான்கு சுற்றுகளில்தான் ஆட்டத்தின் உயிரே இருக்கிறது.

போன சீட்டுகளை நினைவில் வைத்து எண்ணுகிறவருக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். இரண்டு முதல் ஆறு வரை வந்தால் ஒன்று கூட்டுவது, பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஆசு வந்தால் ஒன்று கழிப்பது, ஏழு, எட்டு, ஒன்பதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்பது பரவலாகப் புழங்கும் முறை. கணக்கு ஏறினால் பெரிய சீட்டுகள் உள்ளே மிகுந்திருக்கின்றன, அது ஆடுபவருக்குச் சாதகம் என்று பொருள். ஆனால் கணக்கு எட்டு என்று நின்றால் அந்த எட்டுக்குத் தனியாக எந்த மதிப்பும் இல்லை. மீதமுள்ள கட்டுகளின் எண்ணிக்கையால் அதை வகுக்க வேண்டும். நான்கு கட்டு மீதமிருக்கும்போது அது வெறும் இரண்டு. ஒன்றரைக் கட்டு மீதமிருக்கும்போது அதே எட்டு ஐந்தைத் தாண்டிவிடும். பாதியிலேயே கலைத்துவிடும் மேசையில் மூன்று கட்டுக்குக் குறைவான மீதியை எவரும் பார்க்கப் போவதில்லை. எண்ணுகிறவர் எவ்வளவு திறமைசாலியானாலும் அவருடைய எண் அங்கே ஏறுவது அரிது.

கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப் சீட்டுகளை எண்ணி விடுதியை வெல்ல முடியும் என்று 1962-இல் ஊரறியச் சொன்ன பிறகு, விடுதிகள் கட்டுகளைக் கூட்டியதும் வெட்டுச்சீட்டை முன்னே நகர்த்தியதும் இதனால்தான். கென் அஸ்டன் என்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், சீட்டு எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரை விடுதி தன் விருப்பப்படி வெளியேற்ற முடியாது என்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. ஆளை வெளியே அனுப்ப முடியாத விடுதிகள் அதன் பிறகு சீட்டுகளை முன்கூட்டியே கலைப்பதைத் தங்கள் முக்கியமான கருவிகளில் ஒன்றாக்கிக்கொண்டன. அதற்கும் ஒரு விலை உண்டு. கலைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மேசைக்கு வருமானம் இல்லை. எங்களுக்கு வருமானக் கவலை கிடையாது என்றாலும், 312 சீட்டுகளைக் கையால் கலைத்து முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது என்ற கவலை உண்டு.

இனி பெட்டிக்கு வருகிறேன். முதல் நான்கு கட்டு வரை இதைப்போல் சுகமான பெட்டி இல்லை. விரல் வைத்தால் சீட்டு ஒன்று ஒன்றாக வழுக்கி வருகிறது. வாய்ப்பகுதியின் விளிம்பு நன்றாக மழுக்கப்பட்டிருப்பதால் சீட்டின் முனை மடங்குவதில்லை. ஐந்தாவது கட்டின் நடுப்பகுதிக்கு வந்ததும் குணம் மாறிவிடுகிறது. சீட்டுகள் நிறைந்திருக்கும்போது அவற்றின் சொந்த எடையே அவற்றைச் சரிவில் கீழே இறக்குகிறது. குறைந்த பிறகு அந்த வேலையை ஆப்பு ஒன்றே செய்ய வேண்டும், இந்த ஆப்போ உள்ளே வெற்றாக இருக்கும் பிளாஸ்டிக். கடைசி ஒன்றரைக் கட்டில் சீட்டுகள் பின்னோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. ஒன்றை இழுத்தால் இரண்டு வருகின்றன, சில வேளை எதுவுமே வருவதில்லை. இரண்டு சீட்டு சேர்ந்து வந்து, கீழே இருந்தது ஆசு என்று எல்லோரும் பார்த்துவிட்ட அன்று, ஓய்வுபெற்ற வங்கி எழுத்தராகிய எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அந்தச் சுற்றே செல்லாது என்று வாதாடினார். அவர் சொன்னதுதான் நியாயம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஆழமாகச் சீட்டுப் போடுவதற்காகவே வாங்கப்படும் ஒரு பெட்டி ஆழத்தில் திணறுவதைச் சிறு குறை என்று தள்ளிவிட முடியாது. இதனுடன் வந்த கையேடு, வெட்டுச்சீட்டைப் பின்னாலிருந்து இரண்டு கட்டுக்கு முன்னால் செருகுமாறு சொல்கிறது. முதலில் அதை ஆட்ட மரபு என்று நினைத்தேன். தன் பெட்டி எந்த இடம் வரை உழைக்கும் என்பது செய்தவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

அடுக்குத் தட்டைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. முப்பது ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து, இலையின் ஈரத்தைக் கையால் தொட்டே சொல்லப் பழகியவன் நான். தட்டின் பக்கவாட்டில் ஒன்று முதல் ஆறு வரை கோடுகள் பொறித்திருக்கிறார்கள். அடுக்கிய சீட்டுகள் எந்தக் கோட்டைத் தொடுகின்றனவோ அத்தனை கட்டுகள் போய்விட்டன என்று கொள்ள வேண்டும், மீதியைக் கணக்கிட வேண்டும். ஜூன் மாதம் இந்தக் கோடுகள் மயிரிழை பிசகாமல் பொருந்தின. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெருமழை வடகிழக்குப் பருவக்காற்றில்தான். அக்டோபர் பிற்பாதியில் மூடுபனி சன்னல் வழியே உள்ளே வந்து உட்காரத் தொடங்கியபோது சீட்டுகளும் ஈரத்தைக் குடித்துப் பருத்தன. அடிக்கோலால் அளந்து பார்த்தேன்: கட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் கூடியிருந்தது. ஒரு கட்டு ஒன்றரை சென்டிமீட்டர் பருமன் உள்ளது என்னும்போது, ஐந்து கட்டு போவதற்குள் தட்டு ஏறத்தாழ மூன்றில் ஒரு கட்டு பொய் சொல்கிறது. மீதி ஒரு கட்டு என்பதை முக்கால் கட்டுக்கும் குறைவு என்று நம்பி வகுத்தால் கணக்கு உண்மையைவிடப் பெரிதாக ஊதிவிடும். அதை நம்பிப் புளியங்கொட்டையை அள்ளி வைத்தவர்களில் நானும் ஒருவன். ஆழத்தில் ஆடும்போதுதான் இந்தப் பிழை பெரிதாகிறது. நான்கு கட்டு மீதமிருக்கும்போது எவருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

அடுப்புக்கரித் துண்டுகள் போட்ட தகர டப்பாவில் சீட்டுகளை வைத்துப் பார்த்தோம். இரண்டு ஞாயிறுகளுக்குப் பலன் இருந்தது. பிறகு முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன ஆறு கட்டுகளைத் தனியாக வாங்கினோம். அவை பருப்பதில்லை, ஆனால் காகிதச் சீட்டைவிட அதிகம் வழுக்குவதால் பெட்டியின் திணறல் அவற்றால் கூடியதே தவிரக் குறையவில்லை.

வெட்டுச்சீட்டைப் பற்றி ஒரு கிளைக்கதை. ஆள் குறைந்த நாட்களில் ஒற்றைக் கட்டில் ஆடுவோம், இதே மஞ்சள் சீட்டையே அதிலும் செருகினோம். அது ஆடுபவருக்குச் சற்றுப் பாதகமானது என்பதை மைத்துனருக்குப் புரியவைக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. சிறிய சீட்டுகள் முதலில் வந்தால் ஒவ்வொரு கையும் அதிகச் சீட்டுகளை விழுங்கும். வெட்டுச்சீட்டு விரைவில் வந்துவிடும். உள்ளே தங்கிய பெரிய சீட்டுகள் ஆடப்படாமலே கலைக்கப்படும். பெரிய சீட்டுகள் முதலில் வந்துவிட்டாலோ சுற்றுகள் சிக்கனமாக முடிந்து, சிறிய சீட்டுகள் மட்டும் மிஞ்சிய நிலையில் இன்னொரு சுற்று கூடுதலாக ஆட நேரும். ஆறு கட்டில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒற்றைக் கட்டில் வெட்டுச்சீட்டை விட்டுவிட்டு, ஆடுபவர் எண்ணிக்கையும் சுற்றுகளின் எண்ணிக்கையும் சேர்ந்து ஆறு ஆகும்படி ஆடுவது அமெரிக்காவின் நெவாடாப் பக்கத்துப் பழக்கம். நால்வர் என்றால் இரண்டே சுற்று, இருவர் என்றால் நான்கு. நாங்களும் அதற்கு மாறிவிட்டோம்.

பெட்டியின் நோய்க்கு மருந்தை நாங்களே கண்டுபிடித்தோம். பழைய பலசரக்குக் கடையிலிருந்து வந்து வீட்டில் கிடந்த 200 கிராம் இரும்பு எடைக்கல்லைத் துணியில் சுற்றி ஆப்பின் மேல் கட்டினோம்; பெட்டியின் பின்பக்கத்துக்கு அடியில் விரல் பருமனுள்ள பலகைத் துண்டு ஒன்றை வைத்துச் சரிவைக் கூட்டினோம். இப்போது கடைசி அரைக் கட்டு வரை சீட்டு ஒன்று ஒன்றாக வருகிறது. வெட்டுச்சீட்டை ஒரு கட்டுக்கு முன்னால் துணிந்து வைக்கிறோம். இந்த வேலையைச் செய்யத் தயங்காதவர்கள் இந்த விலைக்கு இதை வாங்கலாம். பெட்டியைப் பிரித்த கையோடு ஆழமாக ஆட விரும்புகிறவர்கள் கனமான ஆப்புள்ள வேறொன்றைத் தேடுவது நல்லது. மலைப்பகுதியில் இருப்பவர்கள் தட்டின் கோடுகளைக் காகிதச் சீட்டை வைத்து நம்ப வேண்டாம். ஈரநாளில் ஒரு கட்டை அடுக்கி, அதன் உயரத்தை வைத்துப் புதுக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

விற்றவருக்கு நவம்பரில் இதையெல்லாம் விவரமாக எழுதினேன். மரியாதையான பதிலும், கட்டணம் வாங்காமல் மாற்று ஆப்பு ஒன்றும் வந்தன. சமையலறைத் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தோம். முள் ஒரே இடத்தில்தான் நின்றது. எடைக்கல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.