முக்கும்போது நிமிர்ந்திருப்பதா, ஒருக்களித்துப் படுப்பதா?

மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களைத் தூக்கிக் கட்டி முக்கச் சொல்வது பல பிரசவ அறைகளில் இன்றும் வழக்கம். பிள்ளையை எடுப்பவருக்கு அது வசதி. தாய்க்கோ கருப்பையின் பாரம் முழுவதும் முதுகுப்பக்கத்துப் பெரிய இரத்தக்குழாய்களை அழுத்துகிறது. ஆகவே அந்த நிலையை இந்த அலசலில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்: நிற்பது, குந்துவது, மண்டியிடுவது என்று நிமிர்ந்திருப்பது ஒன்று, இடமோ வலமோ ஒருக்களித்துப் படுப்பது மற்றொன்று.

பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசியைப் போடாத பெண்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், படுத்திருப்பவர்களைவிட நிமிர்ந்திருப்பவர்களுக்கு ஆயுதம் போட்டு எடுக்கும் தேவை குறைகிறது. பிறப்புவாயில் கத்தரித்துத் தையல் போடுவதும் குறைகிறது. இரண்டாவது ஆதாயம் சின்ன விஷயமல்ல. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் மருத்துவச்சி ஜெனிஃபர் ஸ்லீப் 1,000 பெண்களிடம் நடத்தி 1984இல் வெளியிட்ட ஆய்வில், தாராளமாகக் கத்தரித்த பிரிவில் 51 சதவீதத்தினருக்குத் தையல் வெட்டு விழுந்தது. கட்டுப்படுத்திய பிரிவில் 10 சதவீதம்தான். குழந்தைகளின் நிலையில் வேறுபாடு தெரியவில்லை. அத்தனை பெண்கள் வீணாக வெட்டுப்பட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

நிமிர்ந்த நிலைக்கும் ஒரு குறை உண்டு. இரத்தப்போக்கு 500 மில்லிலிட்டரைத் தாண்டும் வாய்ப்பு சற்றுக் கூடலாம். இரத்தசோகை உள்ள தாய் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த ஆய்வுகளில் பல தரத்தில் சுமார்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எபிடியூரல் போட்டுக்கொண்டால் கதை மாறுகிறது. குறைந்த அளவு மருந்து கொடுக்கும் இன்றைய முறையில் கால்கள் முழுதாக மரத்துப்போவதில்லை. எழுந்து நிற்கக்கூட முடியும். அப்படியானால் இவர்களுக்கும் நிமிர்ந்திருப்பதே நல்லது என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். பிரிட்டனின் 41 மருத்துவமனைகளில் தலைச்சன் பிரசவத்துக்கு வந்த 3,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் 'பம்ப்ஸ்' ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு பிரிவினர் முடிந்தவரை நிமிர்ந்திருந்தார்கள். மற்றவர்கள் பக்கவாட்டில் படுத்தார்கள். கட்டிலின் தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தவில்லை. 2017இல் முடிவு வெளியானது. ஆயுதமோ அறுவையோ இல்லாத சுகப்பிரசவம் நிமிர்ந்தவர்களில் 35.2 சதவீதம், ஒருக்களித்தவர்களில் 41.1 சதவீதம். நூறு பேரில் ஏறத்தாழ ஆறு பேருக்குக் கூடுதலாகச் சுகப்பிரசவம்! தாய்க்கும் சேய்க்கும் கூடுதல் கெடுதல் எதுவும் தென்படவில்லை. செலவு என்று எதுவும் இல்லை. தலையணையும், மேல்காலைத் தாங்கிப் பிடிக்க ஒரு கையும் போதும்.

ஊசி இல்லையென்றால் நிமிர்ந்த நிலைக்கே என் ஓட்டு. ஊசியோடு தலைச்சன் பிரசவம் என்றால் ஒருக்களித்துப் படுப்பதுதான். இரண்டாவது பேறுகாலத்துக்கு 'பம்ப்ஸ்' கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது, ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை. எந்த நிலை என்பதைத் தாயே தேர்ந்தெடுக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரை. வலி முற்றிய நேரத்தில் யாராலும் நிதானமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆகவே எட்டாம் மாதப் பரிசோதனையிலேயே கேட்டுவிடுங்கள்: முக்கும் நேரத்தில் பக்கவாட்டில் படுக்க விடுவீர்களா, காலைத் தாங்கிப் பிடிக்கத் துணைக்கு ஒருவரை உள்ளே அனுமதிப்பீர்களா?