16 நிமிட ரயில், 58 நிமிடப் பயணம்

சென்னைக்கு வந்தால் மூன்று வாரம் சுற்றிவிட்டு, ஆட்டோக்காரர்களைத் திட்டிக்கொண்டே மெல்போர்ன் விமானம் ஏறுவது என் வழக்கம். 2025 ஜனவரியில் பொங்கலுக்கு வந்தபோது ஒரு முடிவோடு இறங்கினேன்: முடிந்தவரை ரயில், பஸ். கொள்கை கிள்கை எதுவும் கிடையாது. எனக்குக் கார் ஓட்டப் பிடிக்காது, அவ்வளவுதான். மெல்போர்னில் இருபது வருடமாக டிராமில்தான் வேலைக்குப் போகிறேன். கணக்கு எழுதும் வேலை, அதனால் எதையும் எண்ணிப் பார்க்கும் புத்தி வேறு. போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கவே இருக்கிறது.

விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ. அக்கா மகள் வாட்ஸ்அப்பில் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தாள். கியூஆர் படத்தைக் காட்டினேன், கதவு திறந்தது, இரண்டு பெட்டிகளோடு நந்தனத்தில் இறங்கி மந்தைவெளி வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். குறை சொல்ல எதுவும் இல்லை. ஆகவே அதைப் பற்றி மேற்கொண்டு எழுதவும் எதுவும் இல்லை.

எனக்கு எழுத இருப்பது பறக்கும் ரயிலைப் பற்றி. தூண்களின் மேல் கட்டிய பாதையில் ஓடும் உள்ளூர் ரயிலைச் சென்னையில் அப்படித்தான் சொல்வோம்.

எங்கள் தலைமுறைக்கு அந்த ரயில்மேல் ஒரு பாசம் உண்டு. கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இல் ஓடத் தொடங்கியது. 1997-இல் திருமயிலைக்கு வந்தபோது நான் கல்லூரி மாணவன். மயிலாப்பூர் நெரிசலுக்கு மேலே கூரைகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் பார்த்துக்கொண்டு போவதே பெரிய விஷயம். 2004-இல் திருவான்மியூர், 2007-இல் வேளச்சேரி என்று பாதை நீண்டபோது நான் ஊரில் இல்லை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு மிச்சம் 5 கிலோமீட்டர்தான். நில வழக்குகளில் சிக்கி, நான் வந்திருந்த நாள்வரை அது திறக்கவில்லை. கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே நாலாவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டில் நிறுத்திய சேவையை ஏழு மாதத்தில் மீண்டும் தொடங்குவதாகச் சொல்லி, 2024 அக்டோபர் கடைசியில்தான் தொடங்கினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் வேறு வழியில் போய்ப் பழகியவர்கள் அடுத்த நாளே திரும்பி வந்துவிடுவார்களா என்ன?

அக்கா மகளுக்குத் தரமணியில் வேலை. மந்தைவெளியில் ஏறினால் ஆறாவது நிறுத்தம், சுமார் 7 கிலோமீட்டர். ஆனால் அவள் ஸ்கூட்டியில்தான் போகிறாள். ஏன் என்று கேட்டேன்.

“மாமா, ட்ரெயின் நல்லாத்தான் இருக்கு. ஆனா ட்ரெயினுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு பயணம் இருக்கே, அத யாரு போறது?”

சரி, போய்த்தான் பார்ப்போமே என்று மறுநாள் பதினொரு மணி வாக்கில் ஸ்டாப்வாட்சோடு கிளம்பினேன். வீட்டுக் கதவிலிருந்து நிலைய வாசல் 8 நிமிடம். டிக்கெட் எடுத்து மேலே ஏற 5. படிகளை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன், மூச்சு வாங்கியது. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது முந்தைய ரயில் போய்ச் சில நிமிடம் ஆகியிருந்தது. அடுத்த ரயிலுக்கு 13 நிமிடம். ரயிலுக்குள் 16. தரமணியில் இறங்கி வெளியே வர 4. அங்கிருந்து அவள் அலுவலக வாசலுக்கு வெயிலில் 12. மொத்தம் 58 நிமிடம். ரயில் என்னைச் சுமந்தது அதில் கால்பங்குக்குக் கொஞ்சம் மேல்.

அவள் ஸ்கூட்டியில் 30 நிமிடத்தில் போய்விடுகிறாள்.

இந்தக் கணக்கை நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. பறக்கும் ரயிலை வேகமாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நமக்கு உடனே தோன்றுவது புது ரயில், புது சிக்னல், ஏசி பெட்டி. அந்த 7 கிலோமீட்டரை 16 நிமிடத்தில் கடக்கும் ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 26 கிலோமீட்டர். அதை 32 ஆக்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். 16 நிமிடம் 13 ஆகும். கோடிகளைக் கொட்டி மிச்சம் பிடிப்பது 3 நிமிடம். மீதி 42 நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இதற்கு நேர் எதிர்க் கதை என் டிராம். மெல்போர்ன் டிராம் பாதை சுமார் 250 கிலோமீட்டர், உலகத்திலேயே பெரியது. அதில் முக்கால் பங்கு கார்களோடு பகிர்ந்துகொள்ளும் சாலை. ஆகவே சராசரி வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர்தான், நகர நடுவில் இன்னும் குறைவு. நான் ஏறும் 96-ஆம் நம்பர் டிராம் என் வீட்டிலிருந்து அலுவலகம் வரை 6 கிலோமீட்டருக்கு 25 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. சைக்கிள்காரர்கள் பக்கத்தில் தாண்டிப் போவார்கள். ஆனால் நிறுத்தம் வீட்டிலிருந்து 3 நிமிட நடை, தெருவோடு தெருவாக இருக்கிறது, ஏற வேண்டிய மாடி இல்லை. சராசரியாக 4 நிமிடம் நிற்பேன். இறங்கினால் அலுவலகம் 2 நிமிடம். கூட்டினால் 34. ஆமை வேக வண்டி என்னை முயலுக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

அங்கே டிராமை வேகமாக்க என்னென்னவோ செய்கிறார்கள். சில சந்திப்புகளில் டிராமுக்கு மட்டும் வெள்ளை நிறத்தில் ‘டி’ எழுத்து எரியும், கார்களுக்கு முன் அது கிளம்பிவிடும். வலதுபக்கம் திரும்ப வேண்டிய கார் தண்டவாளத்தை அடைத்துக்கொண்டு நிற்காமல், இடது ஓரத்துக்குப் போய்க் காத்திருந்து திரும்ப வேண்டும் என்று நகர நடுவில் ஒரு விசித்திர விதி உண்டு. புதிதாகப் போகிறவர்கள் பயந்துபோவார்கள். பயண அட்டையை எந்தக் கதவிலும் தொட்டு ஏறலாம், ஓட்டுநர் முன் வரிசை இல்லை. நடைமேடையை டிராம் தளத்துக்குச் சமமாக உயர்த்துகிறார்கள், தள்ளுவண்டிக் குழந்தையும் சக்கர நாற்காலியும் சட்டென்று ஏறிவிடும். ஒரு நிறுத்தத்தில் பத்து வினாடி மிச்சமானாலும் முப்பது நிறுத்தத்தில் ஐந்து நிமிடம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் தனிப் பாதை. 96 டிராம் நகருக்குள் ஊர்ந்து, ஸ்பென்சர் தெருவைத் தாண்டி, 1987-இல் ரயில் பாதையிலிருந்து டிராமுக்கு மாற்றிய தடத்தில் ஏறும். அங்கே குறுக்கே கார் இல்லை. அதே வண்டி, அதே ஓட்டுநர், ஆனால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். டிராம் பிரியர்கள் தவம் கிடப்பது அப்படி ஒரு பாதைக்குத்தான்.

பறக்கும் ரயிலுக்கு அது ஆரம்பத்திலேயே கிடைத்துவிட்டது. பக்கிங்ஹாம் கால்வாயின் மேல் தூண் நட்டு, கால்வாயைப் பாழாக்கினார்கள் என்ற பழியையும் வாங்கிக்கொண்டு, சிக்னல் இல்லாத, கார் இல்லாத, மாடு குறுக்கே வராத பாதை. உலகத்தில் எந்த டிராம் நிர்வாகமும் பொறாமைப்படும். அதை வைத்துக்கொண்டு பயணியை மாடியிலும் நடைமேடையிலும் நிற்க வைத்து நேரத்தைக் கரைக்கிறோம்.

நான் போன நேரத்தில் ரயில்களுக்கு இடைவெளி 20 நிமிடம். நீளமான ரயில், என் பெட்டியில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். ஒருவர் காலை நீட்டிப் படுத்திருந்தார். அந்த ரயிலை இரண்டாக வெட்டி இரண்டு மடங்கு விட்டால் என்ன? இழுக்கும் பெட்டிகளின் எண்ணிக்கை அதேதான், சராசரிக் காத்திருப்பு 10 நிமிடத்திலிருந்து 5 ஆகிவிடும். ஓட்டுநரும் கார்டும் கூடுதலாக வேண்டும், தெரியும், அதுதான் செலவு. ஆனால் பரபரப்பு நேரத்தில் மட்டும் அடிக்கடி விட்டுவிட்டு மற்ற நேரம் கைவிட்டால், மதியம் மூன்று மணிக்கு வீடு திரும்ப வேண்டியவர் காலையிலும் ஏற மாட்டார். திரும்பி வரும் வழியையும் யோசித்துத்தானே யாரும் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புவார்கள்? அக்கா மகள் சொன்ன இன்னொரு காரணமும் இதோடு சேர்ந்ததுதான். இரவு எட்டரைக்கு மேல் ஆளில்லாத பெரிய நிலையத்தில் 20 நிமிடம் நிற்க அவளுக்கு மனசில்லை. ஐந்து நிமிடம் என்றால் நிற்பாளாம்.

நிறுத்தம் குறைந்தால் வேகம் கூடும் என்ற வாதமும் உண்டு. மெல்போர்னில் புது நடைமேடை கட்டும்போது பக்கத்துப் பக்கத்து நிறுத்தங்கள் இரண்டை ஒன்றாக்கிவிடுவார்கள். என் பழைய நிறுத்தம் அப்படித்தான் போனது, நானும் முனகினேன், அப்புறம் பழகிவிட்டது. பறக்கும் ரயிலில் இது தலைகீழ். கலங்கரை விளக்கத்துக்கும் திருமயிலைக்கும் நடுவே 2014-இல் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் நிலையத்தைப் புதிதாகத் திறந்தார்கள். ஓடும் ரயிலுக்கு ஒரு நிமிடம் நஷ்டம். அந்தத் தெருக்காரர்களுக்குப் பத்து நிமிட நடை மிச்சம். எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. கடற்கரையிலிருந்து வேளச்சேரிவரை 19 கிலோமீட்டர் சொச்சத்துக்கு 18 நிலையம் அதிகமில்லை. இருக்கும் நிலையத்துக்கு இன்னும் இரண்டு வாசல் வைத்தால், நிலையமே வைக்காமல் நிறுத்தத்தைப் பக்கத்தில் கொண்டுவந்த மாதிரி ஆகும்.

டிக்கெட் விஷயத்தில் நல்ல செய்தியும் பார்த்தேன். மெட்ரோவுக்கு வாங்கிய சிங்காரச் சென்னை அட்டை அந்த ஜனவரியில்தான் மாநகரப் பஸ்ஸுக்கும் வந்திருந்தது. கண்டக்டர் மெஷினை நீட்ட, அட்டையை வைத்தேன், சீட்டு வந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் “இது என்ன, ரேஷன் கார்டா?” என்று வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே அட்டை அப்போது பறக்கும் ரயிலில் செல்லவில்லை. இத்தனைக்கும் மூன்றிலும் மலிவு அதுதான். கடைசிவரை போனாலும் 10 ரூபாயைத் தாண்டாது. ஆனால் மலிவாக இருந்தால் கூட்டம் தானாக வரும் என்பதைச் சித்தி பொய்யாக்கிவிட்டார். அவர் சாதாரணக் கட்டண பஸ்ஸைத் தவிர வேறெதிலும் ஏறுவதில்லை. 2021-இலிருந்து பெண்களுக்கு அதில் காசில்லை. “அஞ்சு ரூபாய்க்காக இல்லடா. பஸ்ஸு வாசல்லயே நிக்குது.”

மெட்ரோவோடு பறக்கும் ரயிலைச் சேர்க்கப்போகிறார்கள் என்ற பேச்சு பல வருடமாக இருக்கிறது. சேரட்டும். தண்டவாள அகலம் வேறு வேறு என்பதால் ஒன்றின் ரயில் மற்றதில் ஓடாது. ஆகவே சேர்க்க வேண்டியது சீட்டையும் படிக்கட்டையும் நேர அட்டவணையையும்தான். நிலையத்துக்குக் கண்ணாடி முகப்பும் கடைகளும் அப்புறம் வரட்டும்.

எனக்கு நேர்ந்த ஒரே எரிச்சல் ரயிலால் வந்ததல்ல. தரமணியிலிருந்து திரும்பும்போது, நிலையம்வரை வெயிலில் நடக்க அலுத்துப்போய் ஒரு ஆப்பில் ஆட்டோ கூப்பிட்டேன். பெயர் வேண்டாம். மூன்று பேர் வருவதாக ஒப்புக்கொண்டு மூன்று பேரும் ரத்து செய்தார்கள். அந்தக் கால் மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் 58 எங்கேயோ போய்விடும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் சித்தப்பாவோடு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேன். எழுபத்து நாலு வயது, வாரம் இரண்டு தடவை ரயிலில்தான் போகிறார். மெதுவாக, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஏறினார். ரயில் இன்னும் வேகமாகப் போகலாம் இல்லையா என்று பேச்சுக்குக் கேட்டேன்.

“ரயிலு வேகமாத்தான்டா போகுது. நான்தான் மெதுவா ஏர்றேன்.”

பசுமைவழிச் சாலை தாண்டி அடையாற்றின் மேல் ரயில் போனபோது பேசுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தண்ணீர் ஓரத்தில் நாலைந்து கொக்குகள். நூலக வாசலில் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். தினசரி காலண்டரில் கிழித்தது. பின்பக்கம் முழுக்க நுணுக்கி நுணுக்கி ரயில் நேரம் எழுதியிருந்தார், போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை, ஞாயிறுக்குத் தனியாகச் சிவப்பு மையில். திரும்பி வரும் ரயிலுக்கு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “ஒரு மணி நேரம் இருக்கு, படிக்கலாம்” என்றார்.

96 டிராம் எத்தனை மணிக்கு வரும் என்று இருபது வருடத்தில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதை அவரிடம் சொன்னேன்.

“பார்க்காமலே போவியா?” என்று ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். அப்புறம் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.