பிறர் வரைந்த குடும்ப மரங்களோடு சில ஆண்டுகள்

என் கணவரின் முன்னோர் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள பக்கி என்னும் ஊரின் மீனவர்கள். அவர்களைத் தேடுவதற்காக வம்சாவளித் தளம் ஒன்றில் சில ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருகிறேன். அதன் தேடல் வசதியில் குறையில்லை. பெயரை எழுத்தர் எப்படிக் கிறுக்கியிருந்தாலும் பிடித்துக் கொடுத்துவிடும். என் பொறுமையைச் சோதிப்பவை, பிற சந்தாதாரர்கள் வரைந்த குடும்ப மரங்களிலிருந்து ஆட்களை எடுத்து, ‘இவர் உங்கள் முன்னோராக இருக்கலாம்’ என்று அது ஓயாமல் அனுப்பும் பரிந்துரைகள்தாம்.

பக்கியில் கௌவி, ஸ்மித், ரீட் என்று சில குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரையும் அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டனார் பெயரையும் வைக்கும் வழக்கம் (நமக்குப் புதிதல்ல) அதனோடு சேரும்போது, ஒரே வயதில் பல ஜேம்ஸ்கள் அருகருகே வாழ்ந்திருப்பார்கள். அவர்களைப் பிரித்தறியவே அக்கரையோர ஊர்களில் பட்டப்பெயர்கள் வழங்கின. மரம் வரைபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. எங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஒரு ஜேம்ஸ் கைக்குழந்தையாகவே இறந்தவன். பல மரங்களிலோ அவன் மணம் முடித்து, பிள்ளைகளும் பெற்றிருக்கிறான். சான்று எதுவென்று பார்த்தால் இன்னொரு மரம். அதற்குச் சான்று முதல் மரம்.

இத்தனைக்கும், அரசின் ‘ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்’ தளத்தில் சிறு கட்டணம் கொடுத்தால் மூலப் பதிவின் படமே கிடைக்கும். 1855இல் தொடங்கிய அரசுப் பதிவில், இறந்தவரின் தந்தை பெயரோடு தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரும் இருப்பதால், ஜேம்ஸ்களைப் பெரும்பாலும் பிரித்துவிடலாம். அதற்கு முந்தைய திருச்சபைப் பதிவேடுகளில்தான் உண்மையான சிக்கல்: 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்ததால் பலர் பதியாமலே விட்டனர், 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்து சென்ற சபையாரின் பிள்ளைகள் பலர் அவற்றில் இல்லை. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ, பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்தே காட்டுகிறது. இவ்வளவு ஓட்டைகளையும் தாண்டி, ஒரு மீனவக் குடும்பத்தைப் பதினான்காம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ் வரை கொண்டுபோய் நிறுத்தும் துணிச்சலை என்னவென்பது!

அந்தப் பரிந்துரைகளில் ஒன்றுதான் நியூசிலாந்தில் இருக்கும் உண்மையான உறவினர் ஒருவரை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது. பிறப்புகள் எழுதப்பட்ட குடும்ப வேதாகமம் அவரிடம் இருந்தது. சந்தாப் பணத்துக்கு அன்றே பலன் கிடைத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், பாதி விலைக்குப் புதுப்பிக்கச் சொல்லி இவ்வாரம் வந்த மடலை அழித்துவிட்டேன். புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கும் வேண்டாம் என்றே சொல்வேன்.