ரெய்னியர் மலைக் காடா, லாசன் ஏரிக்கரையா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வரும் தமிழ்ப் பெற்றோர் பலர் இருக்கிறார்கள். ஆர்வி வண்டி (படுக்கை, சமையலறை, குளியல் எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு எரிமலைப் பக்கம் காட்டில் தங்க எந்த இடம் நல்லது என்று அவர்களில் சிலர் என்னிடம் கேட்டதால், இரண்டு கோடைகளில் நாங்கள் தங்கிவந்த இரண்டு முகாம்களை இங்கே ஒப்பிடுகிறேன். ஒன்று, வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலைத் தேசியப் பூங்காவில் உள்ள கூகர் ராக். மற்றது, வட கலிஃபோர்னியாவின் லாசன் எரிமலைத் தேசியப் பூங்காவில் உள்ள மான்சனீட்டா ஏரி. முதியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு மான்சனீட்டாவைத்தான் சொல்வேன். ஆனால் காட்டுக்காகவே போகிறவர்கள் கூகர் ராக்கை விட்டுவிடக் கூடாது.

கூகர் ராக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 970 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறக்குறைய நம் பெங்களூரு உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே நிற்கும் டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக், செந்தேவதாரு மரங்களுக்கு அடியில் நண்பகலிலும் வெளிச்சம் பச்சையாகத்தான் இறங்குகிறது. விழுந்துகிடக்கும் அடிமரத்தின் மேல் பாசி மெத்தையாகப் படர்ந்து, அதன் மேலேயே விரற்கடை உயரக் கன்றுகள் வரிசையாக முளைத்திருப்பதை என் தந்தை குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மான்சனீட்டா சுமார் 1,800 மீட்டர், ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் இடைப்பட்ட உயரம். அங்கே பைன் மரங்கள் இடைவெளி விட்டு நிற்பதால் வெயிலும் காற்றும் தாராளம். 2021ஆம் ஆண்டின் டிக்ஸி காட்டுத்தீ அந்தப் பூங்காவின் பெரும்பகுதியைச் சுட்டுவிட்டதால், சாலையில் போகும்போது கருகிய மரங்களைக் கடந்துதான் செல்ல வேண்டும். அதைப் பார்க்க மனம் கனக்கிறது.

குடும்பத்துக்கு உண்மையான வேறுபாடு தண்ணீரில் தெரியும். இரண்டு முகாம்களிலும் வண்டிக்கு மின் இணைப்போ தண்ணீர் இணைப்போ கிடையாது, ஜெனரேட்டரையும் குறித்த நேரங்களில் மட்டுமே ஓட்டலாம். நாங்கள் எடுத்த 25 அடி வண்டியின் நன்னீர்த் தொட்டி சுமார் 130 லிட்டர் கொண்டது. வீட்டு வாளிக் கணக்கில் அது ஏழு வாளிகூட வராது. ஐந்து பேர் குளித்து, சமைத்து, பாத்திரம் கழுவ அவ்வளவுதான். 2024 கோடையில் பெங்களூரில் டேங்கர் லாரிக்குக் காத்திருந்த எங்களுக்கு நீரைச் சிக்கனமாகச் செலவழிப்பது புதிதில்லை. ஆனால் கழுவிய தண்ணீரும் வண்டியின் அடியில் இன்னொரு தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும் என்பதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. கூகர் ராக்கில் இரண்டாம் நாள் மாலையே அது நிரம்பிவிட, விரித்த நாற்காலி, காயப்போட்ட துணி எல்லாவற்றையும் சுருட்டி உள்ளே போட்டு, கழிவு இறக்கும் இடத்துக்கு வண்டியை ஓட்டிப் போக வேண்டியதாயிற்று. அந்த முகாமில் குளியலறையும் இல்லை. மான்சனீட்டாவில் கழிவு இறக்கும் இடத்தோடு, கடை, துணி துவைக்கும் இயந்திரம், கட்டணம் கட்டி வெந்நீரில் குளிக்கும் அறை ஆகியவையும் இருக்கின்றன. காலையில் குளிக்காமல் அடுப்புப் பக்கம் போகாத என் மாமியாருக்கு அந்த ஒரு வசதியே பயணத்தை இனிதாக்கியது.

எரிமலை என்று எதைப் பார்க்கப் போகிறோம் என்பது அடுத்த கேள்வி. ரெய்னியர் 4,392 மீட்டர் உயரமும் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பனியாறுகளும் கொண்டது; முகாமிலிருந்து வண்டியில் அரை மணிக்குள் பாரடைஸ் என்னும் மலைப்புல்வெளிக்கு ஏறிவிட்டால் சிகரம் முழுதாக எதிரே நிற்கும். ஆனால் அது பனிமலையாகத்தான் தோன்றுமே ஒழிய, உள்ளே நெருப்பு இருக்கிறது என்று நாமாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். லாசனில் அந்த நெருப்பின் வேலையைக் கண்ணாலேயே காணலாம். 1914 முதல் 1917 வரை பலமுறை வெடித்த சிகரம் அது. 1915 மே 22 அன்று நிகழ்ந்த பெரும் வெடிப்பில் அழிந்த பகுதியில் இன்று தரை சமமான ஒரு சிறு நடைபாதை இருக்கிறது, சக்கர நாற்காலியும் போகும். சல்ஃபர் வொர்க்ஸ் என்ற இடத்தில் சாலையோரத்திலேயே சேறு கொதிக்கிறது. "ஏம்மா, மண்ணுக்குள்ள யாரோ உலை வச்ச மாதிரி இருக்குதே" என்று மாமியார் கேட்டார். கெட்டியான சாம்பல் நிறக் குழம்பு குமிழிட்டு உடைய, அழுகிய முட்டை நாற்றத்தோடு ஆவி முகத்தில் அடித்தது. வேலிக்கு அப்பால் ஓரடிகூட வைக்கக் கூடாது, மேல்தரை முட்டையோடு போல மெல்லியது.

ஆபத்து இரண்டிலும் உண்டு, விதம்தான் வேறு. கூகர் ராக் நிஸ்குவாலி ஆற்றின் பள்ளத்தாக்கில் இருப்பதால் மலையிலிருந்து இறங்கும் சேற்று வெள்ளமும் மழை வெள்ளமும் அங்கே கவலைக்குரியவை. 2006 நவம்பரில் 36 மணி நேரத்தில் சுமார் 45 சென்டிமீட்டர் மழை கொட்டி, அதே ஆற்றின் கரையில் கீழே இருந்த சன்ஷைன் பாயின்ட் முகாம் அடியோடு போனது. ஆற்றுப் பக்கம் தொடர் இரைச்சலோ நில அதிர்வோ உணர்ந்தால் வண்டியை விட்டுவிட்டு மேட்டில் ஏறிவிட வேண்டும். மான்சனீட்டா ஏரியோ, சுமார் 350 ஆண்டுகளுக்கு முன் கேயாஸ் கிராக்ஸ் குன்று சரிந்து ஓடையை அடைத்ததால் உண்டானது. அச்சரிவு மீண்டும் வரலாம் என்ற எச்சரிக்கையால் 1974இல் அங்கிருந்த தங்கும் வசதிகளை மூடியும் இருக்கிறார்கள். முகாம் பின்னர் திறக்கப்பட்டது.

ஓரிகான் மாநிலத்தின் கிரேட்டர் (Crater) ஏரி அருகே உள்ள மசாமா முகாமையும் சிலர் சொல்வார்கள். 594 மீட்டர் ஆழமுள்ள அந்த நீலத்தைப் பார்க்க ஒரு பகல் போதும்.

போகும் மாதத்தைப் பொறுத்து என் பரிந்துரை மாறும். நம் ஊர்ப் பள்ளிகள் ஜூன் தொடக்கத்திலேயே திறந்துவிடுவதால், பேரப்பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மே கடைசி வாரம்தான் வாய்க்கும். அப்போது இரு முகாம்களும் திறந்திருக்கக்கூடும். ஆனால் லாசன் பூங்காவின் குறுக்குச் சாலை 2,500 மீட்டருக்கு மேல் ஏறுவதால், ஜூன் வரை, சில ஆண்டுகளில் ஜூலை வரைகூட, பனியால் மூடியிருக்கும். அதனால் மான்சனீட்டா முகாமிலிருந்து கொதிக்கும் சேற்றுக்குப் பூங்காவின் வழியே போக முடியாது. மே மாதம் போகிறவர்கள் கூகர் ராக்குக்கே போகட்டும், குளியலுக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்துகொள்ளட்டும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை போக முடிந்தவர்கள், ஆறு மாதம் முன்பே மான்சனீட்டாவில் இடம் பிடித்துவிடுவது நல்லது.