டினோ கிரைசிஸ் 2: அச்சம் வேட்டையாக மாறிய இரண்டாம் பாகம்

கேப்காம் நிறுவனம் 1999இல் வெளியிட்ட டினோ கிரைசிஸ், தோட்டாக்களை எண்ணிச் செலவழிக்க வைத்த வீடியோ விளையாட்டு. பூட்டிய ஆய்வுக்கூடம், இருண்ட நடைபாதைகள், பல தோட்டாக்கள் பாய்ந்தும் சாயாத வெலாசிராப்டர் டைனோசர் என்று ஆடுபவரை ஓடவும் ஒளியவும் பழக்கியிருந்தது அது. அடுத்த ஆண்டே பிளேஸ்டேஷனுக்கு வந்த இரண்டாம் பாகம் அந்த இலக்கணத்தை ஏறக்குறைய முழுவதும் கைவிட்டது. முதல் பாகத்தை நேசித்தவர்களில் பலருக்கு இந்த மாற்றம் இன்றளவும் மனக்குறைதான். அவர்களது வருத்தம் எனக்குப் புரிகிறது; ஆயினும், தொடர்ச்சி என்ற பெயரில் பழையதையே பெரிதாக்கிக் கொடுக்காமல், அதே விலங்குகளை வைத்து வேறொரு விளையாட்டைத் துணிந்து செய்ததால்தான் இது முதல் பாகத்தைவிட மேலானது என்று நான் கருதுகிறேன்.

மாற்றத்தின் மையம் புள்ளிகள். ஒரு டைனோசரைக் கொன்றால் புள்ளி கிடைக்கும். இடைவெளி விடாமல் அடுத்தடுத்துக் கொன்றால் காம்போ ஏறி அந்தப் புள்ளிகள் பெருகும். பாய்ந்து வரும் கணத்திலேயே சுட்டு வீழ்த்தினால் தனிப் புள்ளி. ஒரு கீறல்கூடப் படாமல் அந்தப் பகுதியைக் கடந்தால் அதற்கும் வெகுமதி உண்டு. சேவ் செய்யும் கணினிகளில் அந்தப் புள்ளிகளைக் கொடுத்துப் புதிய துப்பாக்கி, தோட்டா, மருந்து ஆகியவற்றை வாங்கலாம். எளிமையான ஏற்பாடுதான். ஆனால் எதிரிகள் காட்டின் ஓரங்களிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டே இருப்பதால், "இன்னும் இரண்டைச் சுட்டுவிட்டுப் போகலாமா, இப்போதே வெளியேறி விடலாமா" என்ற கேள்வி ஒவ்வொரு பாதையிலும் எழுகிறது. நன்றாக ஆடுபவருக்கு நல்ல ஆயுதம் விரைவில் கைக்கு வருகிறது. அந்த ஆயுதம் மேலும் நன்றாக ஆட வைக்கிறது. இந்தச் சுழற்சியை இத்தனை கச்சிதமாக அமைத்த விளையாட்டுகள் அந்தக் காலத்தில் அரிது.

அச்சம் முற்றிலும் போய்விட்டதா என்றால், போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. கேமரா ஒரே இடத்தில் நிலைத்திருப்பதால், ராப்டரின் சீறல் காதில் விழுந்த பிறகும் அது எந்தப் பக்கமிருந்து பாயும் என்பது தெரிவதில்லை. காம்போ நீண்டு கொண்டே போகும் வேளையில், உயிர் போய்விடுமோ என்ற பயத்தைவிட, ஒரே கடியில் அத்தனை வெகுமதியும் போய்விடுமே என்ற பதற்றம் பெரிதாக நிற்கிறது. ரத்தக்கசிவு ஏற்பட்டால் அதை நிறுத்தத் தனி மருந்து வேண்டும் என்பதும், வந்த வழியே திரும்பினால் அங்கே மறுபடியும் கூட்டம் காத்திருக்கும் என்பதும் அந்தப் பதற்றத்தைத் தணிய விடுவதில்லை.

முதல் பாகத்தின் நாயகி ரெஜினாவுடன், டிலன் மார்ட்டன் என்ற ராணுவ வீரர் இம்முறை சேர்கிறார். கதை போகும் போக்கில் இருவரையும் மாறி மாறி இயக்குகிறோம். டிலனுடைய வெட்டுக்கத்தி பாதையை அடைக்கும் கொடிகளை அறுக்கும். ரெஜினாவின் மின்னதிர்ச்சிக் கருவி மின்பூட்டுகளைத் திறக்கும். துப்பாக்கிகளின் குணமும் ஆளுக்கு ஆள் வேறு. ஓடிக்கொண்டே சுட முடிவது சிறிய வசதியாகத் தோன்றலாம், ஆனால் ஆட்டத்தின் வேகம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

விலங்குகளின் அணிவகுப்பு தாராளமானது. தொடக்கத்திலேயே ஒரு கண்ணை இழந்து, பிறகு விடாமல் துரத்தி வரும் டைரனோசாரஸ், ஏறக்குறைய ஒரு கதாபாத்திரமாகவே ஆகிவிடுகிறது. அதையும் மிஞ்சும் ஜைகனோட்டோசாரஸை இறுதிப் பகுதிக்கு வைத்திருக்கிறார்கள். நிஜத்தில் அந்த விலங்கின் நீளம் சுமார் 12 முதல் 13 மீட்டர். டைரனோசாரஸும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஒன்று தென் அமெரிக்காவிலும் மற்றொன்று வட அமெரிக்காவிலும், இடையே ஏறத்தாழ 3 கோடி ஆண்டு இடைவெளியில் வாழ்ந்தவை. விளையாட்டு ஜைகனோட்டோசாரஸை மலைபோல் ஊதிப் பெருக்கியிருக்கிறது. டைனோசர் யுகத்துக்கு முன்பே, பெர்மியன் காலத்தில் வாழ்ந்த இனோஸ்ட்ரான்சேவியா என்ற வேட்டை விலங்கும் இங்கே தலைகாட்டுகிறது. காலப் பிறழ்வே கதையின் அடிப்படை என்பதால் இந்தக் கலவையை ஏற்றுக்கொள்ளலாம். அளவு விஷயத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் அடக்கம் காட்டியிருக்கலாம்.

ஒரே மாதிரியான வேட்டை சலிப்பூட்டாதபடி இடையிடையே ஆட்டத்தின் வகையே மாறுகிறது. ஓடும் வண்டியில் நின்றபடி, துரத்தும் டிரைசெராடாப்ஸ்களைச் சுட்டுத் தடுக்கும் கட்டம் சிறப்பு. பீரங்கி வண்டியிலிருந்து டைரனோசாரஸை எதிர்க்கும் காட்சியும் அப்படியே. நீருக்கடியில் மூழ்கிய ஆய்வு நிலையத்தில் ரெஜினா கனத்த மூழ்குடையுடன் மெல்ல நகரும் பகுதி பலருக்கு அலுப்பாகத் தோன்றலாம். எனக்கு, வேகத்தைப் பறித்துக்கொண்டு மோசாசாரஸ் என்ற கடல் ஊர்வனவின் முன் நிறுத்தும் அந்தப் பகுதியில்தான் பழைய திகில் முழு பலத்துடன் திரும்பி வருகிறது.

கதையை நம்பி யாரும் இதை வாங்க வேண்டாம். எட்வர்ட் சிட்டி என்ற ஊரே காலவெளியில் காணாமல் போய் டைனோசர்களின் நடுவே விழுந்துவிட, மீட்புக் குழு அங்கே செல்கிறது, அவ்வளவுதான் தொடக்கம். பேசாத சிறுமி பாவ்லாவைச் சுற்றிய மர்மம் நெஞ்சைத் தொடக்கூடியது; ஆனால் அதன் விளக்கத்தை இறுதியில் அவசரமாகக் கொட்டிவிட்டு, முடிவையும் பாதியில் நிறுத்தியது போல் விட்டுவிடுகிறார்கள். ஷூ தக்குமி இயக்கிய விளையாட்டு இது. பின்னாளில் ஏஸ் அட்டர்னி விளையாட்டுத் தொடரை உருவாக்கியவரின் எழுத்துத் திறமை இதில் முழுதாக வெளிப்படவில்லை. புதிர்களும் பெயரளவுக்கே, முதல் பாகத்தின் சங்கேதக் கதவுகளில் மகிழ்ந்தவர்களுக்கு இது உண்மையான இழப்பு.

முப்பரிமாணச் சூழலைக் கொண்ட முதல் பாகத்துக்கு மாறாக, இங்கே முன்கூட்டியே வரைந்த பின்னணிகள் பயன்படுகின்றன. அடர்ந்த காட்டின் பசுமையும் ஈரமும் அதனால் இன்றும் அழகாகவே இருக்கின்றன. ஆட்டம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஆங்காங்கே உள்ள டைனோசர் கோப்புகள் அனைத்தையும் சேர்த்து முடித்தவருக்கு அடுத்த சுற்றில் குறையாத தோட்டாக்கள் கிடைக்கின்றன. டைனோசர்களையே இயக்கிச் சண்டையிடும் கூடுதல் ஆட்டமும் இருக்கிறது. 2025 ஜனவரியில் ஜிஓஜி என்ற இணைய விளையாட்டு விற்பனைத் தளம் இரு பாகங்களையும் இன்றைய கணினிகளுக்கு ஏற்பச் சீரமைத்து வெளியிட்டது. பழைய முறைக் கட்டுப்பாடு கைக்குப் பழகும்வரை முதல் சில பகுதிகளில் அவசரப்படாமல், டிலனின் ஷாட்கன்னோடு காம்போவை நீட்டிப் பழகுங்கள். அங்கே சேரும் புள்ளிகளை மருந்தில் கரைக்காமல் அடுத்த ஆயுதத்துக்குச் சேமித்து வையுங்கள்.