வருஷாவருஷம் டேங்க் இன்ஸ்பெக்ஷன்: காசுக்கு ஒர்த்தா?

ஃப்ளோரிடாவுல இருக்கேன், ஸ்கூபா டைவ் பண்றப்ப முதுகுல மாட்டுற காத்து டேங்க், லக்ஸ்ஃபர் கம்பெனியோட அலுமினியம் 80 (சுமார் 80 கன அடி காத்து பிடிக்கிற சைஸ்), சொந்தமா வச்சிருக்கேன். சொந்த டேங்க் வச்சிருந்தா வருஷத்துக்கு ஒருதடவ விஷுவல் (உள்ளயும் வெளியயும் கண்ணால பாக்குற சோதனை), அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவ ஹைட்ரோ (தண்ணி வச்சு பிரஷர் ஏத்திப் பாக்குற டெஸ்ட்). இதுல ஹைட்ரோ மட்டும்தான் அமெரிக்க போக்குவரத்துத் துறையோட சட்டம். வருஷாவருஷம் பண்ற விஷுவல் டைவ் தொழில்ல இருக்கவங்க தாங்களா வச்சுக்கிட்ட வழக்கம்தான், ஆனா அந்த ஸ்டிக்கர் இல்லாம போனா கடைக்காரர் டேங்க்ல காத்து ஃபில் பண்ண மாட்டாரு. அதனால என்கூட டைவ் வர்றவங்கள்ல பாதி பேர் இது சும்மா காசு புடுங்குற வேலைன்னுதான் சொல்றாங்க. நான் அப்படி நினைக்கல. ஆனா எந்தக் கடையில குடுக்குறோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

நான் இப்ப போற கடையில அந்த மனுஷன் வேலை செய்றத பக்கத்துல நின்னே பாக்கலாம், அவரே வா வந்து பாருன்னு கூப்பிடுவாரு. முதல்ல காத்த மெதுவா இறக்குறாரு, அவசரமே படுறதில்ல. அப்புறம் அடியில இருக்க ரப்பர் பூட்ட கழட்டுறாரு, அதுக்குள்ள உப்புத்தண்ணி தேங்கி வெளிப்பக்கம் அரிச்சிருக்கும், பூட் இருக்கறதால நம்ம கண்ணுக்கு தெரியாது. வால்வ கழட்டுனதும் மூக்க வச்சு மோந்து பாக்குறாரு, எண்ணெய் வாடை வருதான்னு. ஒரு நீள வயர்ல கட்டுன சின்ன லைட்ட உள்ள விட்டு சுவரு முழுக்க, அடிப்பாகம் வரைக்கும் பாக்குறாரு. கழுத்து மரைக்கு பல் டாக்டர் வச்சிருப்பாங்களே அந்த மாதிரி குட்டிக் கண்ணாடி, ஒவ்வொரு மரையா சுத்திச் சுத்தி பாக்குறாரு. வால்வு பித்தளை, டேங்க் அலுமினியம், நடுவுல உப்புத்தண்ணி சேந்துச்சுன்னா மரையில வெள்ளப் பவுடர் மாதிரி பூத்துடும், வருஷக்கணக்கா கழட்டாம விட்டா வால்வு அப்படியே இறுகிப் போயிடும். எல்லாம் முடிஞ்சதும் புது ஓ-ரிங் (காத்து கசியாம தடுக்குற ரப்பர் வளையம்), மாசமும் வருஷமும் பஞ்ச் பண்ணுன ஸ்டிக்கர். டேங்குக்கு இருபது டாலர் சொச்சம்தான் வாங்குறாரு, இந்த வேலைக்கு அது ரொம்ப கம்மி.

இதுக்கு முன்னாடி போன வேற ஒரு கடையில (பேர் வேணாம்) டேங்க உள்ள எடுத்துட்டுப் போயி ஒரு காபி குடிக்கிற நேரத்துல ஸ்டிக்கர் ஒட்டி கொண்டுவந்து குடுத்தாங்க. கேஜ் போட்டுப் பாத்தா நான் குடுத்தப்ப இருந்த அதே பிரஷர். வால்வ திறக்கவே இல்ல! அந்த ஸ்டிக்கருக்கு ஒரு டாலர் கூட தண்டம்.

"தண்ணிக்கடியில டேங்க் வெடிச்சு யாராவது செத்திருக்காங்களா?"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி. டேங்க் வெடிக்கிறது பெரும்பாலும் ஃபில் பண்ணும்போதுதான், அந்த நேரம் பக்கத்துல நிக்கிறது நாம இல்ல, கம்ப்ரஸர் ரூம்ல வேலை பாக்குற பையன். நாள் முழுக்க யார் யாரோ கொண்டுவர்ற டேங்க் முன்னாடி நின்னு 3000 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) ஏத்திக்கிட்டு இருக்கான், அந்த டேங்க் எங்க கிடந்துச்சு, யார் அத ஓவன்ல வச்சு புது பெயிண்ட் அடிச்சாங்க (சூடு ஏறுனா அலுமினியத்தோட பலமே போயிடும்) எதுவும் அவனுக்கு தெரியாது. நம்ம இருபது டாலர் மொதல்ல அவனுக்குத்தான் பாதுகாப்பு. இத சொன்னா ஏன் யாரும் பெருசா எடுத்துக்க மாட்டேங்கறாங்கன்னு எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு.

நமக்கும் லாபம் இருக்கு, குறிப்பா ஸ்டீல் டேங்க் வச்சிருக்கவங்களுக்கு. உள்ள உப்புத்தண்ணி போய் துரு பிடிச்சு அப்படியே மாசக்கணக்கா கிடந்தா, அந்தத் துரு உள்ள இருக்க ஆக்ஸிஜன தின்னுடும். 21 சதவீதம்னு நம்பி மூச்சு இழுக்குறோம், உள்ள அவ்ளோ இருக்காது, எந்த வாடையும் வராது, ஆளு மயங்கிடுவான். உங்க ரெகுலேட்டரோட (மூச்சு விடுற கருவி) ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல, அதாவது டேங்க்ல மாட்டுற பாகத்துல, காத்து நுழையுற இடத்துல ஒரு குட்டி ஃபில்டர் இருக்கும் பாருங்க, அது செம்மண் கலர்ல இருந்தா எதோ ஒரு டேங்க்ல துரு இருக்குன்னு அர்த்தம். டேங்க சுத்தமா காலி பண்ணாதீங்க, ஒரு 300, 500 பிஎஸ்ஐ மிச்சம் வைங்க, தண்ணி உள்ள போகாது.

ஹைட்ரோதான் இருக்கே, விஷுவல் எதுக்குன்னும் கேக்குறாங்க. ஹைட்ரோல டேங்க தண்ணி ஜாக்கெட்டுக்குள்ள (தண்ணி நிரப்புன மூடுன தொட்டி) வச்சு 3000 பிஎஸ்ஐ டேங்குக்கு 5000 வரைக்கும் ஏத்துவாங்க, மொத்தம் விரிஞ்சதுல பத்து சதவீதத்துக்கு மேல பழையபடி சுருங்காம நின்னுட்டா ஃபெயில். நல்ல டெஸ்ட்தான், ஆனா கழுத்துல இருக்க மெல்லிசான விரிசல் அதுல மாட்டாம போகலாம். 80-கள் கடைசி வரைக்கும் வந்த 6351-ங்கற அலுமினியக் கலவையில (அலாய்) செஞ்ச டேங்க்ல இதுதான் பிரச்சனை, பிரஷர் ஏத்தியே வச்சிருந்தா கழுத்துப் பக்கம் விரிசல் விடும், அதுக்கு விஷுவலோட எடி கரண்ட் டெஸ்டும் (மின்காந்தம் வச்சு விரிசல் தேடுறது) வேணும், பல கடையில அந்த டேங்க தொடவே மாட்டாங்க. அதுக்கப்புறம் எல்லாம் 6061 அலாய், அதுல இந்தக் கவலை இல்ல.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, காத்து சுத்தமா இருக்கான்னு இந்த இன்ஸ்பெக்ஷன் சொல்லாது. கம்ப்ரஸர் புகைய இழுத்து கார்பன் மோனாக்ஸைடு ஏறுனா பளபளன்னு இருக்க டேங்க்லயும் ஏறும். அதுக்கு கடையோட ஏர் டெஸ்ட் ரிப்போர்ட்ட கேட்டு வாங்கிப் பாக்கணும்.

பழைய டேங்க் வாங்குறவங்க பெயிண்ட பாக்காதீங்க, தோள்பட்டையில அடிச்சிருக்க நம்பர பாருங்க. நம்மூர் கேஸ் சிலிண்டர் கழுத்துல ஏ-26, பி-27ன்னு எழுதியிருக்கும்ல, அந்த மாதிரி இதுலயும் செஞ்ச மாசம் வருஷம், கடைசி ஹைட்ரோ எல்லாம் இருக்கும், ஆனா சிலிண்டர்ல அடுத்த டெஸ்ட் தேதி, இதுல முடிஞ்ச டெஸ்ட் தேதி. அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா ஹைட்ரோ செலவ விலையில கழிச்சு பேசுங்க. நெறைய கடையில ஹைட்ரோவுக்கு வெளிய அனுப்பித்தான் வாங்குவாங்க, திரும்பி வர நாளாகும், அதனால கீ லார்கோ (ஃப்ளோரிடாவுல பேர் போன டைவிங் இடம்) போறதுக்கு மொத நாள் கொண்டுபோய் நிக்காதீங்க.