பயணத்தில் குடிநீர்: பாட்டிலா, கொதிநீரா, மாத்திரையா, வடிகட்டியா?

குறைந்த செலவில் நாடு சுற்றுபவர்கள் தங்குமிடத்திலும் பேருந்திலும் எண்ணி எண்ணிச் செலவழித்துவிட்டு, தண்ணீரில் கோட்டை விடுவார்கள். வெயில் காலத்தில் அலைகிற ஒருவருக்கு நாளுக்கு மூன்று லிட்டராவது தேவைப்படும். அத்தனையும் பாட்டிலாக வாங்கினால் மாதக் கடைசியில் கணிசமான தொகை கரைந்திருக்கும். மாற்று வழிகள் உண்டு, ஆனால் அவற்றில் பலவும் ஏதாவது ஒரு கிருமியிடம் தோற்றுப்போகும். காலரா, டைபாய்டு கொண்டுவருவது பாக்டீரியா. ஹெபடைடிஸ் ஏ, ரோட்டா இரண்டும் வைரஸ். ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் இரண்டும் ஒட்டுண்ணி. எந்த வழி எதைக் கொல்லும் என்று தெரிந்துகொண்டுதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாட்டில் தண்ணீர் வசதியானது. காலி பாட்டிலில் குழாய்த் தண்ணீரை நிரப்பி விற்பதுதான் அதில் உள்ள ஆபத்து. மூடியைத் திருகும்போது அடி வளையம் ‘கடக்’கென்று அறுபட வேண்டும். வாங்கும் முன் கவிழ்த்து அமுக்கினால் எங்கும் கசியக் கூடாது. சந்தேகமான இடத்தில் சோடா வாங்குவது மேல். அந்த வாயுவை வீட்டில் அடைத்து ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

மூன்று வகைக் கிருமியையும் ஒருசேரக் கொல்வதில் கொதிக்கவைப்பதை மிஞ்ச எதுவும் இல்லை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் மூன்று நிமிடம் வேண்டும். பத்து நிமிடம் கொதிக்கவிடுவது எரிபொருளுக்குத்தான் கேடு. அறையில் மின்சாரம் இருந்தால் கையடக்க ஹீட்டர் காயில் ஒன்று போதும். 300 வாட் காயில் ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 20 நிமிடம் எடுக்கும். ஆனால் மின்னழுத்தத்தைப் பார்த்து வாங்குங்கள். 230 வோல்ட் காயிலை அதில் பாதி அழுத்தமுள்ள நாட்டில் செருகினால் சக்தி பாதியாக அல்ல, கால்வாசியாகக் குறையும். தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். நேர்மாறாகச் செய்தால் காயில் எரிந்துபோகும். தண்ணீரில் முழுக்க அமிழ்த்திய பிறகே சுவிட்சைப் போட வேண்டும், அணைத்த பிறகே தண்ணீரைத் தொட வேண்டும்.

எடையில் மாத்திரைக்கு ஈடு கிடையாது. குளோரின் மாத்திரை தெளிந்த நீரில் 30 நிமிடத்தில் பாக்டீரியாவையும் வைரஸையும் முடித்துவிடும். கிரிப்டோஸ்போரிடியம் அதற்கு அசையாது. குளோரின் டையாக்சைடு மாத்திரை அதையும் கொல்லும், ஆனால் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். குளிர்ந்த நீரில் இரண்டுமே மெதுவாகத்தான் வேலை செய்யும். அட்டையில் உள்ள அளவைக் கட்டாயம் படியுங்கள். 1 லிட்டருக்கானதும் 20 லிட்டருக்கானதும் தனித்தனியே விற்கின்றன. பலர் மறப்பது பாட்டிலின் மரையை. மாத்திரை கரைந்ததும் மூடியைச் சற்றே தளர்த்திப் பாட்டிலைச் சாய்த்து, மருந்து கலந்த நீர் மரை வழியாகக் கசிந்தோடச் செய்யுங்கள். இல்லாவிட்டால் வாய் படும் இடத்தில் பழைய தண்ணீரே தங்கியிருக்கும். அயோடின் மாத்திரை தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

விளம்பரத்தில் அதிகம் தென்படுவது வடிகட்டிதான், அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. 0.1 மைக்ரான் துளையுள்ள குழலிழை வடிகட்டி பாக்டீரியாவையும் ஒட்டுண்ணியையும் நிறுத்திவிடும். ஹெபடைடிஸ் ஏ வைரஸின் அளவோ சுமார் 0.03 மைக்ரான், தாராளமாக நுழைந்துவிடும். மனிதக் கழிவு கலக்க வாய்ப்புள்ள ஊர்த் தண்ணீருக்கு இந்த வடிகட்டி மட்டும் போதாது. முதலில் வடிகட்டி, பிறகு மாத்திரை போடுங்கள். இந்த வரிசையை மாற்றினால் சேறே குளோரினைத் தின்றுவிடும். நனைந்த வடிகட்டி ஒரே ஒரு முறை உறைந்தாலும் உள்ளே இழைகள் வெடிக்கக்கூடும். வெளியே எதுவும் தெரியாது. குளிர்ப் பிரதேசத்தில் இரவு அதைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்குள் ஒளி பாய்ச்சிக் கிருமியை அழிக்கும் புற ஊதாப் பேனா வேகமானதுதான், ஆனால் கலங்கிய நீரில் பயனில்லை, பேட்டரியும் தீரும். கையில் எதுவும் இல்லாத நாளில், 2 லிட்டருக்கு மிகாத நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த நீரை ஊற்றி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் படுக்கவைக்கலாம். மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள் வைக்க வேண்டும்.

அறையில் தங்கிப் பயணம் செய்பவருக்கு ஹீட்டர் காயிலும் ஒரு அட்டை மாத்திரையுமே என் தேர்வு. மலையேறி நடப்பவருக்கு வடிகட்டியோடு குளோரின் டையாக்சைடு. ஆர்சனிக், உப்பு, டீசல் இவற்றை நீக்க மேற்சொன்ன சுத்திகரிப்பு வழிகளில் எதுவும் உதவாது; தண்ணீரில் எண்ணெய் வாடை அடித்தால் வேறு இடத்தில் பிடியுங்கள். பல் துலக்கவும் சுத்திகரித்த நீரே வேண்டும். ஐஸ் கட்டியும் அதே குழாய்த் தண்ணீர்தான். உறைவதால் கிருமி சாகாது, மதுவில் மிதந்தாலும் சாகாது.